தழும்பு பழையது, படபடப்பு புதியது

கேள்வி: என் கணவருக்கு வயது 54. திருச்சிக்குப் பக்கத்தில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு வருடங்களுக்கு முன்பு ஓர் இரவு அவருக்கு நெஞ்சு அடைத்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மாரடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு வழக்கம்போல் பட்டறைக்குப் போய்வருகிறார். மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும். நான்கு மாதமாக நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்கிறார். ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோதே கண் இருட்டி, சில நொடிகளில் தெளிந்துவிட்டதாம். ஒரு நாள் முழுக்க இ.சி.ஜி. பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனையில் 3,800 எக்டோபிக் துடிப்புகள் (முறை தவறி இடையில் வரும் துடிப்புகள்), ஒருமுறை மட்டும் தொடர்ந்தாற்போல் ஏழு வேகத் துடிப்புகள் என்று வந்தது. எக்கோவில் பம்பிங் 32 சதவீதம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, 'பழைய மாரடைப்பின் தழும்புதான் காரணம், ஆபத்தான வேகத் துடிப்பை நிறுத்தும் ஐ.சி.டி. கருவி வைக்க வேண்டும்' என்கிறார் டாக்டர். என் கொழுந்தனாருக்கு ஹோல்டரில் 9,000 எக்டோபிக் இருந்தது. அவரை ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நடமாடிக்கொண்டிருக்கிற மனிதருக்கு லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். ஆறு வருடத் தழும்பு இப்போது ஏன் தொல்லை தருகிறது? மருதம்பட்டைக் கஷாயத்தில் கரையாதா? கருவி வைத்தால் வெல்டிங்கை விட்டுவிட வேண்டுமா? கால் வீங்கினால் அவராகவே தண்ணீர் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொழுந்தனாருக்கு 9,000, கணவருக்கு 3,800. குறைவாக இருப்பவருக்குத்தான் கருவி வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் எல்லோரையும் குழப்புவது இதுதான் என்று நினைக்கிறேன். நியாயமான குழப்பம். ஆனால் இதயத் துடிப்புக் கோளாறில் எண்ணிக்கைக்கு நாம் நினைக்கிற மதிப்பு கிடையாது. தாறுமாறான துடிப்பு எந்த இதயத்தில் பிறக்கிறது, அந்த இதயத்தில் தழும்பு இருக்கிறதா, பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) எவ்வளவு என்பதை வைத்துத்தான் ஆபத்தை அளக்கிறோம். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அந்தத் தழும்புக்குள்ளேயே இருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இதயத் தசைக்கு ரத்தம் வருவது முழுமையாக நின்றுபோனால் சுமார் 20 நிமிடத்தில், அதிகம் போனால் 40 நிமிடத்தில், சுவரின் உட்புறத் தசை செல்கள் மீட்க முடியாதபடி சாகத் தொடங்குகின்றன. சேதம் உள்ளிருந்து வெளிப்புறமாகப் பரவும். அடைப்பு திறக்கப்படாமல் ஆறு மணி நேரம் போனால், அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் பெரும்பகுதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கணவருடைய தழும்பின் அளவு அந்த ஓர் இரவில்தான் தீர்மானமாயிற்று. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நெஞ்சு வலி என்றால் முதலில் வாயு என்று நினைக்காத வீடு நம் ஊரில் அபூர்வம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நெஞ்சில் பாரமோ இறுக்கமோ கால் மணி நேரம் ஆகியும் விடவில்லை என்றால், ஓமத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் 108-ஐ அழைத்துவிடுங்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, வாயுதான் என்று தெரிந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம்.

இறந்த இதயத் தசை மீண்டும் முளைப்பதில்லை. வெள்ளை அணுக்கள் வந்து இறந்த செல்களை அகற்ற, அந்த இடத்தில் நார்செல்கள் கொலாஜன் என்ற நாரைப் பின்னி நிரப்புகின்றன. ஆறு முதல் எட்டு வாரத்தில் அது உறுதியான தழும்பாகிவிடும். இந்தத் தழும்பை எதிரியாக நினைக்க வேண்டாம். அது உருவாகவில்லை என்றால், ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் தாங்க முடியாமல் இதயச் சுவர் கிழிந்தே போயிருக்கும். மாரடைப்பு வந்த முதல் சில நாட்களில் சிலருக்கு அப்படிக் கிழிந்து உயிர் போவதும் உண்டு.

ஆனால் துடிக்கும்போது தழும்பு தசையைப்போல் சுருங்காது. அதனால்தான் பம்பிங் 32 சதவீதத்தில் நிற்கிறது. சாதாரணமாக 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதோடு, தழும்பு மின்சாரத்தையும் கடத்தாது. இதயம் ஒழுங்காகத் துடிப்பது, வலது மேலறையில் பிறக்கும் மின் அலை ஒவ்வொரு தசை செல்லாகக் கடந்து பத்தில் ஒரு நொடிக்குள் கீழறைகள் முழுவதும் பரவுவதால்தான். அந்தப் பாதையின் நடுவில் மின்சாரம் புக முடியாத ஓர் இடம் உண்டாகிவிட்டது.

தழும்பு முழுவதும் இறந்த நாராகவே இருந்து, ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்திருந்தால் இவ்வளவு தொல்லை இருக்காது. மின் அலை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். உண்மையில் தழும்புக்குள் உயிருள்ள தசை இழைகள் அங்கங்கே தப்பிப் பிழைத்திருக்கும். குறிப்பாக, சுவரின் உள்விளிம்பில் இருக்கும் சில அடுக்கு செல்கள், அடைபட்ட குழாயை நம்பாமல் அறைக்குள் இருக்கும் ரத்தத்திலிருந்தே நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். ஓரங்களிலும் உயிருள்ள தசையும் நாரும் கைவிரல்களைக் கோத்தாற்போல் கலந்து கிடக்கும். இந்த இழைகள் மின்சாரத்தைக் கடத்தத்தான் செய்கின்றன. ஆனால் நாருக்கிடையே வளைந்து நெளிந்து, செல்லுக்குச் செல் இணைப்பும் தளர்ந்துபோய், மிக மெதுவாக.

இந்த மெதுவில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆரோக்கியமான தசையில் மின் அலை நொடிக்குச் சுமார் அரை மீட்டர் ஓடுகிறது. ஒரு செல் ஒருமுறை தூண்டப்பட்டால் அடுத்த கால் நொடி எந்தத் தூண்டலுக்கும் மசியாது. ஆகவே அலை ஒரு வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாலும், அங்குள்ள தசை விழித்திருக்க வேண்டுமானால் வட்டம் குறைந்தது 12 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சாதாரண அளவுள்ள இதயக் கீழறையில் அப்படியொரு தடையில்லாத தனிச் சுற்றுப்பாதைக்கு இடமேது? அலை அணைந்துவிடும். தழும்புக்குள் வேகம் நொடிக்கு எட்டு, பத்து சென்டிமீட்டராகக் குறைந்தால், அதே கால் நொடிக்கு இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் பாதையே போதும். அந்த அளவு இடம் ஒரு நடுத்தரத் தழும்பில் தாராளமாக இருக்கிறது. தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தால் அங்கே நின்றுவிடும். இந்த அலையோ நிலைக்கு வரும்போது அங்குள்ள தசை மறுபடி தயாராக இருப்பதால், நிற்காமல் அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றும் இதயத்துக்கு ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 150, 180, 200 என்று போகும். இதைத்தான் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, சுருக்கமாக வி.டி., என்கிறோம். ஹோல்டரில் வந்த அந்த ஏழு துடிப்புகள் இப்படித் தொடங்கித் தானாகவே நின்றுபோன ஒரு சிறு ஓட்டமாக இருக்கலாம். நிற்காமல் ஓடினால் ரத்த அழுத்தம் விழும். அது மேலும் சிதறி ஃபிப்ரிலேஷன் ஆகிவிட்டால் இதயம் வெறுமனே நடுங்கும், பம்ப் செய்யாது. பத்துப் பதினைந்து நொடியில் நினைவு போகும்.

இந்தச் சுழற்சியைத் திசு வளையங்களில் முதலில் தெளிவாக விளக்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்ற ஆங்கிலேயர், 1913-இல். விலங்குகளின் இதயத்திலிருந்து வளையமாக வெட்டிய தசையில் அலையைச் சுழல விட்டு, வளையத்தை ஓர் இடத்தில் வெட்டினால் சுழற்சி அந்தக் கணமே நின்றுவிடுவதையும் காட்டினார். அந்த ஒற்றை வெட்டைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும்.

சரி, ஆறு வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன்? தழும்பு பழையதுதான், அதைச் சுற்றியுள்ள இதயம் அப்படியே இருக்கவில்லை. பாரத்தைத் தாங்கித் தாங்கி அறை விரிகிறது, சுவர் இழுபடுகிறது, மிச்சமிருக்கும் நல்ல தசைக்குள்ளும் மெல்லிய நார் படிகிறது. பாதை மேலும் மெதுவாகிறது. மாரடைப்பு வந்து பத்து, பதினைந்து வருடம் கழித்து முதல்முறையாக வி.டி. வருபவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அதோடு, சுற்றுப்பாதை இருந்தால் மட்டும் போதாது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கச் சரியான கணத்தில் ஓர் எக்டோபிக் துடிப்பு வந்து விழ வேண்டும். அந்த எக்டோபிக்கை எது தூண்டுகிறது என்று தேடுவதும் வைத்தியத்தில் பாதி. புது அடைப்பு ஏதாவது வந்திருக்கிறதா, தைராய்டு எப்படி இருக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று உங்கள் டாக்டர் பார்த்திருப்பார்.

இங்கே தண்ணீர் மாத்திரை விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும். அதை நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தபோது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உறுத்தியது. ஃப்ரூசமைடு வகை மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்து வெளியேற்றிவிடும். பட்டறை வெக்கையில் வியர்த்து, சாப்பாடும் சரியில்லாத நாளில் மாத்திரையை இரட்டிப்பாக்கினால் பொட்டாசியம் மளமளவென்று இறங்கலாம். தழும்புள்ள இதயத்துக்கு அது மிக மோசமான நிலைமை. கண் இருட்டிய நாளன்று அவர் எத்தனை மாத்திரை போட்டிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். கால் வீங்கினால் டாக்டருக்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கூட்டட்டும். அவராகவே செய்வது இன்றோடு நிற்க வேண்டும். இதைப் படித்துவிட்டு இளநீரும் வாழைப்பழமுமாகக் கொடுத்து ஈடுகட்டவும் முயல வேண்டாம். பம்பிங் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் வேறு சில மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றிவிடும்; அது அதிகமானாலும் இதே ஆபத்துதான். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு முடிவு செய்ய வேண்டிய காரியம் இது.

எக்டோபிக்தான் தொடங்கிவைக்கிறது என்றால், அதை மருந்தால் அடக்கிவிட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். உலகத்தின் பெரிய பெரிய இதய மருத்துவர்களுக்கும் 1980-களில் அப்படித்தான் தோன்றியது. மாரடைப்புக்குப் பிறகு எக்டோபிக் அதிகம் உள்ளவர்கள் அதிகமாக இறக்கிறார்கள். ஃப்ளெகைனைடு, என்கைனைடு என்ற மருந்துகள் எக்டோபிக்கைப் பிரமாதமாக அடக்குகின்றன. எனவே கொடுத்தால் உயிர் பிழைப்பார்கள். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. காஸ்ட் என்ற ஆய்வில் இதைச் சோதித்தார்கள். 1989-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த இரு மருந்துகளில் ஒன்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெறும் போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். ஹோல்டர் அறிக்கை சுத்தமாக வந்தது, ஆள் போய்விட்டார். இந்த வகை மருந்துகள் மின் அலையின் வேகத்தைக் குறைப்பவை. முன்னால் போட்ட கணக்கை இப்போது நினைத்துப் பாருங்கள்: தழும்புக்குள் ஏற்கெனவே மெதுவாக ஊரும் அலையை இன்னும் மெதுவாக்கினால், சுற்றுவதற்கு இன்னும் சிறிய பாதையே போதும். இதனால்தான் மாரடைப்புத் தழும்பு உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளை இன்றும் தவிர்க்கிறோம். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

கொழுந்தனாரின் விஷயம் இப்போது எளிது. அவருக்கு எக்கோ சரியாக இருந்து, மாரடைப்போ மயக்கமோ இல்லாமல், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணங்களும் இல்லாமல் இருந்தால், அந்த 9,000-க்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் பத்து சதவீதத்தை எக்டோபிக் தாண்டினால் நாளடைவில் சிலருக்குப் பம்பிங் குறையலாம். அவர் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டுக்கொரு எக்கோ பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது மருதம்பட்டை. பழைய தழும்பைக் கரைக்கும் மருந்து அலோபதியிலும் இல்லை, சித்த வைத்தியத்திலும் இல்லை. மருதம்பட்டையை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன என்பது உண்மை. தழும்பு கரைந்ததாக எதிலும் நிரூபணம் கிடையாது. அவர் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கும் தழும்பைக் கரைக்க முடியாவிட்டாலும் புதிதாக நார் படிவதையும் அறை விரிவதையும் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. பீட்டா பிளாக்கர், சாகுபிட்ரில்-வால்சார்ட்டான் போன்றவை, ஸ்பைரனோலாக்டோன் அல்லது எப்ளிரினோன், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். இவை நான்கும் உயிர்காப்பவை. உங்கள் கணவருக்கு இந்த நான்கும் போகின்றனவா, அவர் தாங்கக்கூடிய முழு அளவில் போகின்றனவா என்பதை மருந்துச் சீட்டோடு போய்க் கேளுங்கள். நான்காவது சர்க்கரை மாத்திரை ஆயிற்றே, எனக்குத்தான் சர்க்கரை இல்லையே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை இல்லாதவருக்கும் பம்பிங் குறைவுக்காகக் கொடுப்பதுண்டு.

இப்போது ஐ.சி.டி. இது தழும்பைச் சரிசெய்யாது, எக்டோபிக்கைக் குறைக்காது, மூச்சு வாங்குவதையும் மாற்றாது. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் உட்கார்ந்து, ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் ஒரு வயர் மூலம் ஒவ்வொரு துடிப்பையும் கவனித்துக்கொண்டிருக்கும். வி.டி. ஓடத் தொடங்கினால் முதலில் அதைவிடச் சற்று வேகமாகச் சில துடிப்புகளைக் கொடுக்கும். அவை சுற்றுப்பாதைக்குள் புகுந்து, சுழலும் அலைக்கு முன்னால் இருக்கும் தசையை முன்கூட்டியே தூண்டிவிட, அலை போக வழியில்லாமல் அணையும். வலி கிடையாது, பல நேரம் நோயாளிக்குத் தெரியவே தெரியாது. அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் ஷாக். 1980-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல்முறையாக மனிதருக்கு வைத்தபோது அது வயிற்றுக்குள் வைக்க வேண்டிய பெரிய பெட்டி, மார்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. இன்று மரக்கச் செய்து வைத்துவிட்டு, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நடமாடுகிறவருக்கு எதற்கு என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரு நேர்மையான கணக்கைச் சொல்லுங்கள். 2002-இல் வெளியான மேடிட்-2 ஆய்வில், மாரடைப்பு வந்து பம்பிங் 30 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த 1,232 பேரைச் சராசரியாக 20 மாதம் கவனித்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 19.8 சதவீதம் பேர் இறந்தார்கள், ஐ.சி.டி. வைத்தவர்களில் 14.2 சதவீதம். நூறு பேருக்கு வைத்தால் அந்தக் காலத்துக்குள் ஐந்தாறு பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். வைத்தும் 14 பேர் போனார்கள், வைக்காமலே 80 பேர் இருந்தார்கள் என்பதும் அதே கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. மருந்துகள் இன்று இன்னும் மேம்பட்டிருக்கின்றன. கருவி ஒருமுறைகூடச் சுடாமல் பேட்டரி தீர்ந்து மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தொற்று, வயர் பழுதாவது, தேவையில்லாமல் ஷாக் அடிப்பது ஆகிய தொல்லைகளும் உண்டு. ஆகவே இதை எல்லோருக்கும் வைக்கச் சொல்கிறவன் அல்ல நான்.

ஆனால் உங்கள் கணவர் விஷயத்தில் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. பம்பிங் 35-க்குக் கீழ். மாரடைப்பு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. படியேறினால் மூச்சு வாங்குகிறது. இவை மட்டுமே கருவிக்குப் போதிய காரணங்கள். அதற்கு மேல், உட்கார்ந்திருந்தபோது கண் இருட்டியது. இதை 'வெயிலுக்கு வந்த தலைசுற்றல்' என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படபடப்பு அதிகம் இருந்தால் ஆபத்து அதிகம் என்றும் எண்ண வேண்டாம், ஆபத்தான வி.டி. பல நேரங்களில் படபடப்பே தெரியாமல் நேராக மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். நான்கு மருந்துகளும் சரியான அளவில் போகவில்லை என்றால், மூன்று மாதம் கொடுத்துவிட்டு மறுபடி எக்கோ பார்த்து முடிவு செய்வது பொதுவான முறை. கண் இருட்டியவருக்கு அப்படிக் காத்திருக்க எனக்குத் தயக்கம். முடிவெடுக்க வீட்டில் இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், இ.பி. ஸ்டடி என்ற பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். தொடை வழியாக வயரைச் செலுத்தி, தூண்டிவிட்டால் வி.டி. ஓடுகிறதா என்று பாதுகாப்பான சூழலில் சோதிப்பார்கள். ஓடினால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஓடவில்லை என்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

மைன்ஸ் வளையத்தில் போட்ட வெட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அப்லேஷன் சிகிச்சை அதே வேலைதான். தழும்புக்குள் எந்த இழை வழியாக அலை ஊர்கிறது என்று கணினியில் வரைபடம் போட்டுக் கண்டுபிடித்து, அந்த இழையை ரேடியோ அலை வெப்பத்தால் பொசுக்குவார்கள். வி.டி. திரும்பத் திரும்ப வந்து கருவி பலமுறை ஷாக் கொடுக்க நேர்ந்தால் இது மிகவும் கைகொடுக்கும். பம்பிங் இவ்வளவு குறைந்தவருக்குக் கருவிக்கு மாற்றாக இதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. தழும்பில் ஒரு வழியை அடைத்தால் வேறொரு வழி பிறகு திறக்கலாம்.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு சின்னக் குறிப்பு. காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படம் எடுப்பார்கள். நல்ல தசையிலிருந்து அது வடிந்துவிடும். நாருக்கிடையே தேங்கி நிற்கும். அதனால் உயிருள்ள தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். கருவி வைத்த பிறகு இவ்வளவு தெளிவான படம் கிடைப்பது கடினம் என்பதால் அந்த சி.டி.யையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். வைக்கப்போகும் கருவி, வயர் இரண்டுமே எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போய் அவஸ்தைப்படுகிறவர்கள் உண்டு. செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவிலும் ஒரு முறை காட்டுங்கள்.

கருவி வைக்கும்வரை அவர் பைக் ஓட்ட வேண்டாம், ஏணி ஏற வேண்டாம். நீங்களும் பட்டறைப் பையன்களும் நெஞ்சு அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள்: மயங்கி விழுந்து மூச்சு சீராக இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். கருவி வைத்த பிறகு ஒரு ஷாக் அடித்து, அவர் தெளிவாக இருந்தால் அன்றே டாக்டருக்குத் தெரிவித்தால் போதும். ஒரே நாளில் இரண்டு ஷாக் அடித்தாலோ, ஒன்று அடித்தும் ஆள் சரியில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரிதான். ஷாக் அடிக்கும்போது அவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு லேசாகச் சுரீரென்று இருக்கலாம், ஆபத்தில்லை. செல்போன் இடது சட்டைப் பையில் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும். கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் இருந்தால் நிற்காமல் கடந்து போகலாம். கையில் வைத்துத் தடவும் கருவியை மார்பின் மேல் நிறுத்திவைக்க விடக் கூடாது.

கடைசியாக வெல்டிங். கருவி இதயத்தின் மிகச் சிறிய மின் சைகைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெல்டிங் மெஷினின் மின்காந்தப் புலத்தை அது வேகத் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டால் தேவையில்லாமல் ஷாக் கொடுக்கும், அல்லது வயர் மூலம் துடிப்பைத் தரும் வேலையைச் சற்று நிறுத்திவிடும். அதற்காகத் தொழிலையே விட வேண்டும் என்பதில்லை. 160 ஆம்பியருக்கு மேல் போக வேண்டாம் என்பது கருவித் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. அவருடைய கருவிக்கான கையேட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பொறி பறக்கும் இடத்துக்கும் மார்புக்கும் இரண்டடி இடைவெளி இருக்க வேண்டும். கேபிளைத் தோளில் போட்டுக்கொள்வதும் சுருட்டி மடியில் வைப்பதும் கூடாது. இரண்டு கேபிளையும் சேர்த்துத் தரையில் கிடத்தி, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். மெஷின் அவருக்குப் பின்னால் தள்ளியிருக்கட்டும். கையுறையும் காலணியும் உலர்ந்தவை. ராடு ஒட்டாமல் போனால் டக் டக் என்று விடாமல் தட்டிக்கொண்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளத்தைத்தான் கருவி துடிப்பு என்று ஏமாறும். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் பத்து நொடி விடட்டும். தனியாக வேலை செய்யக் கூடாது. தலை சுற்றினால் வெல்டிங் ராடு பிடிக்கும் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கருவி வைத்த பக்கத்துக் கையை முதல் நான்கு முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால் அதுவரை எப்படியும் பட்டறைக்கு விடுப்புதான். அதன் பிறகு டாக்டர் அனுமதித்தால் குறைந்த ஆம்பியரில் சில நாள் வேலை செய்துவிட்டுக் கருவிச் சோதனைக்குப் போகட்டும். வெல்டிங் நேரத்தில் அது எதையாவது தவறாகப் பதிந்திருந்தால் தேதி, நேரத்தோடு அங்கே தெரிந்துவிடும். கனமான இரும்புச் சட்ட வேலையெல்லாம் அதுவரை கைப்பையனிடம் இருக்கட்டும்.